நாற்பதுக்கு நாற்பது

ஆசிரியர் வேலைக்கு வருகிறவன் முதலில் பழக்க வேண்டியது தொண்டையை; மனசாட்சி என்று ஒன்று இருந்தால் அதைப் பழக்குவதற்கு எந்தக் கல்லூரியிலும் வகுப்பு கிடையாது.

சாக்பீஸ் தூளைத் தின்று காலம் தள்ளிய சக ஆசிரியர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் பயிற்சிக் கல்லூரி வழியாக வந்திருப்பீர்கள். மாதிரிப் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் விரிவுரையாளருக்குப் பயந்து வியர்த்திருப்பீர்கள். நான் வந்தது பட்டாளத்தின் வழியாக. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. பிரிவுபசாரக் கூட்டத்தில் யாராவது எழுந்து என்னை நல்ல ஆசிரியர் என்று சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததை எழுதிவைத்துவிடுவது மரியாதை என்று தோன்றியது.

சேர்ந்தது

இண்டர்மீடியட் முடித்துவிட்டுப் பயிற்சிக் கல்லூரிக்கு இரண்டு வருஷம் மனுப் போட்டேன். இரண்டு வருஷமும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் வருஷம் உலகப் போர் முற்றியிருந்தது. கல்லூரி அலுவலகத்தின் தலைமை குமாஸ்தா என் முகத்தைப் பார்க்காமலே ஒரு யோசனை சொன்னார். பட்டாளத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள். அங்கே போய் வகுப்பு நடத்தி, எல்லோரையும் தேற வைத்ததாகச் சான்றிதழ் வாங்கிவந்தால், யுத்தம் முடிந்ததும் அதையே பயிற்சியாக ஏற்றுக்கொண்டு வேலை கொடுப்பார்கள் என்றார். கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை. அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வலியசாலையில் எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் அதுவரை யாரும் இல்லை. கோவில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், காக்கி நிக்கரோடு வாசலில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் சுடப் போகலைப்பா. பாடம் சொல்லிக்குடுக்கத்தான் போறேன்" என்றேன். அவர் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்: "சுடப் போறவன் செத்தா வீரன்னு சொல்லுவா. பாடம் சொல்லப் போறவன் செத்தா என்னன்னுடா சொல்லுவா?"

பகல் இரண்டு மணி

முகாம் எங்கள் நகரத்துக்கு வெளியே ஒரு குன்றின்மேல் இருந்தது. ஹவில்தார் என்று தோளில் பட்டை தைத்து, நாற்பது பேரை என்னிடம் ஒப்படைத்தார்கள். நாஞ்சில் நாட்டு வயல்காரர்கள், கல்லாற்றுப் பக்கத்து மலைக்காரர்கள், விழிஞ்ஞத்து மீன்பிடிக்காரர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆங்கில எழுத்தில் அச்சடித்த உருதுப் புத்தகம் ஒன்றை அவர்கள் வாசிக்கப் பழக வேண்டும். அதில் நடக்கும் பரீட்சையில் தேறினால்தான் ஒருவன் பயிற்சியை முடித்த சிப்பாய் ஆவான். நாற்பது பேரும் தேறினால் எனக்கு முழுத் தேர்ச்சிச் சான்றிதழ். ஒருவன் தவறினாலும் அதில் 'திருப்தி' என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சொல்லோடு வருகிறவர்களுக்கு வேலை கிடையாது என்று அந்தத் தலைமை குமாஸ்தா சொல்லிவிட்டது முகாம் முழுக்கத் தெரியும்.

வகுப்பு பகல் இரண்டு மணிக்கு, கொல்லமாவு என்கிற முந்திரி மரத்தடியில். விடியற்காலையிலிருந்து ஓடியும் குதித்தும் களைத்த மனிதர்கள் வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு வந்து உட்காருவார்கள். கதை சொன்னேன், பாட்டு பாடினேன், கெஞ்சினேன். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கினார்கள். நான்காம் நாள் எங்கள் சுபேதார் வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர், மீசையை எண்ணெய் போட்டு முறுக்கியவர். ஒரே அதட்டலில் எல்லோரையும் எழுப்பி நிறுத்தினார். அன்று முதல் பாடம் நின்றுகொண்டுதான். ஓர் எழுத்து தவறினால் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மரத்தை ஒரு சுற்று ஓடிவர வேண்டும்.

ஒரே வாரத்தில் இருபத்தாறு எழுத்துகளும் வரிசையாக வந்துவிட்டன. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். "எழுத்து வருது, ஆனா அர்த்தம் புரியலையே" என்று சுபேதாரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார்: "இவன்மாருக்கு அறிவொண்ணும் வேண்டாம் சாமீ. பாஸ் போதும்."

மூக்கு

எனக்கே உருது தெரியாது என்பதை இதுவரை சொல்லவில்லை. ஆள் எடுக்கும்போது யாரும் கேட்கவுமில்லை. முகாமில் அந்த மொழி வீட்டு மொழியாக இருந்த ஒரே ஆள் சமையலறையில் ஆடு அறுக்கும் கரீம் பாய். ராணிப்பேட்டைக்காரர். அதனால் தினமும் காலையில் அவர் ஆட்டைத் தொங்கவிட்டு உரித்துக்கொண்டிருக்கும்போது நான் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, மதியம் நடத்த வேண்டிய பாடத்தை அவரிடம் படித்தேன். மடைப்பள்ளிக்காரர் மகன் உட்காரக்கூடிய இடமா அது? இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிச் சொல்வேன். அவர் தலையாட்டினால் சரி.

ஒரு மாதம் கழித்து, கறிக்கூடையோடு எங்கள் மரத்தடி வழியாகப் போன கரீம் பாய் வகுப்பைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். நாற்பது பேரும் ஒரே குரலில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் என்னைத் தனியே கூப்பிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மாஸ்டர், நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் படிச்சீங்க, சரி. அவங்க நாற்பது பேருக்கும் என்ன, ஜலதோஷமா?"

லாசர்

முப்பத்தொன்பது பேர் எப்படியோ வழிக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் வரவில்லை. விழிஞ்ஞத்து லாசர். இருபத்தைந்து வயது, கல்யாணமானவன். வானத்தைப் பார்த்து மழை எத்தனை நாழிகையில் வரும் என்று சொல்வான், ஒருநாளும் தப்பியதில்லை. மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, இங்கே தோண்டினால் தண்ணீர் உப்பாக இருக்கும் என்பான், அதுவும் தப்பாது. ஆனால் நேற்றுக் காட்டிய எழுத்தை இன்று காட்டினால் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். மரத்தைச் சுற்றி அவன் ஓடியதில் ஒரு தடமே விழுந்துவிட்டது.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "கடல்ல எட்டு மைலுக்கு அப்பால இருக்கிற மீன் உனக்குத் தெரியறது. மூக்குக்கு நேரா இருக்கிற எழுத்து ஏன்டா தெரியலை?" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு, உண்மையிலேயே யோசித்துவிட்டு, மரியாதையாகச் சொன்னான்: "மீனுக்கு ஒரு அனக்கம் உண்டு சாரே. இது செத்ததுபோலக் கிடக்குது, அதாக்கும் பிடி கிட்டாதது."

இதைவிட நல்ல பதிலை முப்பது வருஷத்தில் எந்த மாணவனும் எனக்குச் சொன்னதில்லை. அந்த இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். எழுத்தை அசைய வைப்பது எப்படி என்று யோசித்திருக்க வேண்டும். எனக்கு நேரமில்லை. பரீட்சைக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. சுபேதாரிடம் போய், இவனை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டேன். "தள்ளினா உங்க சர்ட்டிபிகேட் கடலாசிலே முப்பத்தொன்பதுன்னு வரும். சாமிக்கு அது மதியா?" என்றார்.

ஆறு பக்கம்

போதாது என்று எனக்குத் தெரியும். எனவே நான் செய்தது இதுதான். பரீட்சைக்கு வரும் வாசிப்புப் பாடங்கள் மொத்தம் ஆறு. ஒவ்வொன்றும் ஒரு பக்கம், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு படம்: குதிரை, கிணறு, துப்பாக்கி, பாலம், கூடாரம், கப்பல். எழுத்து அவனுக்குப் பிடிபடாது; ஆனால் பாட்டு ஒரு தரம் கேட்டால் போதும், ஏறிவிடும். ஆறு பக்கத்தையும் துடுப்புப் போடுகிற தாளத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். குதிரைப் படம் வந்தால் முதல் பாட்டு, கிணறு வந்தால் இரண்டாம் பாட்டு. எழுத்துப் பரீட்சைக்குத் தன் பெயரும் படை எண்ணும் எழுதினால் போதும். அதைக் கோலம் போடுவதுபோல் வரையப் பழகிக்கொண்டான். பத்து நாளில் தயார். அவனைவிட எனக்குத்தான் பெருமை. 'பாட்டு வழிக் கல்வி' என்று பிற்காலத்தில் ஓர் ஆசிரியர் மாநாட்டில் நான் கட்டுரை வாசித்துக் கைத்தட்டல் வாங்கியது இந்தச் சமாசாரத்தைத்தான்.

பரீட்சை எடுக்க வந்த காப்டன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். லாசர் கடைசி ஆள். பாலம் போட்ட நாலாம் பக்கத்தைத் திறந்து நீட்டினார். லாசர் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தான். ஒரு பிசகு இல்லை. பக்கம் முடிந்தது. அவன் நிறுத்தவில்லை. பக்கத்தைத் திருப்பாமலே கூடாரப் பாட்டுக்குப் போய், அதையும் முடித்து, கப்பலில் ஏறிவிட்டான். காப்டன் சுபேதாரைப் பார்த்தார். சுபேதார் வானத்தைப் பார்த்தார். காப்டன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு 'பாஸ்' என்று எழுதி எழுந்தார். போகும்போது அவர் சொன்னதைச் சுபேதார் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார்: "இவன் புத்தகத்தைவிட வேகமா வாசிக்கிறான்!"

ஒன்பது பேர்

இன்னொரு நாற்பது பேருக்கு ஆசிரியர் மார்த்தாண்டத்துச் சாமுவேல். அவரும் என்னைப்போல ஆசிரியர் வேலைக்கு ஆசைப்பட்டுத்தான் வந்தவர். அவருடைய வகுப்பில் ஒன்பது பேர் தவறினார்கள். தெரியாதவனைத் தெரியாதவன் என்றே பரீட்சைக்கு நிறுத்தியிருந்தார். காப்டன் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். நான் போய் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்லும்போது மனத்துக்குள் நாற்பதுக்கு நாற்பது என்று ஓடிக்கொண்டிருந்ததை மறைக்க நிரம்பப் பாடுபட்டேன்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. பரீட்சை தேறியவர்கள் எல்லோரும் பர்மா எல்லைக்கு. தேறாதவர்கள் இன்னும் மூன்று மாதம் முகாமிலேயே இருந்து படிக்க வேண்டும். இப்படித்தான் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியுமா? தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்த ஒன்றை நினைக்காமல் இருப்பது அப்படி ஒன்றும் கஷ்டமான காரியமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, தேறாத ஒன்பது பேரின் வீட்டாரும் குலை குலையாகப் பழம் கொண்டுவந்து சாமுவேலின் முன்னால் வைத்தார்கள். அவர் ஒரு சீப்பை முறித்து என்னிடம் கொடுத்தார். நான் கையை நீட்டவில்லை. "எடும் ஓய்! நம்ம ரெண்டு பேருல நல்ல வாத்தியாரு யாருன்னு காப்டன்கிட்ட மட்டும் கேட்டாப் போதாது. அவனுவளுக்க அம்மமாருட்டயும் கேக்கணும்" என்றார்.

தம்பானூர்

வழியனுப்பத் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் போனேன். நாற்பது பேரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். லாசர்தான் எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தான். அவன் வம்சத்தில் எந்தப் பரீட்சையிலும் தேறிய முதல் ஆள் அவன். வண்டி அசைந்தபோது ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கூவினான்: "சாரே, வீட்டுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடணும். லாசர் பாஸாயிட்டான்னு எழுதணும். எனக்கு எழுத வராதில்லியா!"

நேர்முகம்

யுத்தம் முடிந்தது. நான் முகாமைத் தாண்டிப் போகவே இல்லை. இன்னும் நான்கு வகுப்புகளைத் தேற வைத்து அனுப்பிவிட்டு, சான்றிதழோடு வீட்டுக்கு வந்தேன். ஆசிரியர் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். சாமுவேலும் வந்திருந்தார். எனக்கு முன்னால் உள்ளே போன அவர் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார். 'திருப்தி' போதவில்லை. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். ஊருக்குப் போய் மரச்சீனிக் கிழங்கு பயிரிட்டார் என்று கேள்வி.

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: எப்படிச் சாதித்தீர்கள்? "உழைப்பு" என்றேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் சான்றிதழை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார்: "பாருங்கோ, நாற்பதுக்கு நாற்பது! நம்ம பயிற்சிக் கல்லூரியிலே ரெண்டு வருஷம் படிச்சவாளாலே முடியாத காரியம். இவர்கிட்ட நம்ம குழந்தைகளைத் தைரியமா ஒப்படைக்கலாம்."

அட்மிஷன்

ஒப்படைத்தார்கள். விழிஞ்ஞம் போகும் சாலையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியராகச் சேர்ந்தேன். வகுப்பில் இரண்டு பிரிவு. ஒன்று எனக்கு, மற்றொன்று ஒரு டீச்சருக்கு. என் பிரிவில் எல்லோரும் தேறுவார்கள், டீச்சரின் பிரிவில் எப்போதும் நாலைந்து பேர் தவறுவார்கள். பெற்றோர்கள் சிபாரிசோடு வந்து என் பிரிவில் இடம் கேட்பார்கள்.

அப்படி ஒரு ஜூன் மாதத்தில், மழை விட்டிருந்த நேரம், கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருவன் வராந்தாவில் ஏறினான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆளை அடையாளம் தெரிவதற்கு முன்னால் சிரிப்பு தெரிந்துவிட்டது. "லாசரா?" என்றேன். "ஆமா சாரே, பாக்கி உள்ள லாசர்" என்றான். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. அவனாகவே சொன்னான். எல்லையில் மரம் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள். முன்னால் போனவர்கள் ஓர் இடத்தில் வளைந்து போனார்கள். இவன் கொஞ்சம் பின்தங்கியிருந்தான், அவர்கள் வளைந்ததைப் பார்க்கவில்லை. நேராகப் போனான். "போர்டு இருந்தது சாரே. பெரிய எழுத்து, சுவப்பு. நான் ஏதோ கம்பெனிக்க பேராக்கும்னு நெனச்சேன். காலை வெச்சேன், வெடிச்சுது. பிறகு ஆஸ்பத்திரியிலே ஒருத்தன் சொன்னான், அது உருதுவிலே அபாயம்னு எழுதி வெச்சிருந்ததாக்கும். அந்த வார்த்தை நமக்குத் தெரியுமே! நாலாம் பாடத்திலே, பாலத்துப் பாட்டிலே வருமே!" அங்கேயே நின்றுகொண்டு அந்த வரியைத் தாளம் பிசகாமல் பாடிக் காட்டினான். மூக்காலேதான்.

அவன் என்னைக் குத்திக்காட்ட வந்தவன் இல்லை. அப்படி வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யுத்தம், தலையெழுத்து, சுபேதார் என்று நானும் பதில் சொல்லியிருப்பேன். மகளைப் பள்ளியில் சேர்க்க வந்திருந்தான். விண்ணப்பத்தில் அவனுடைய பெயரை அவனே வரைந்தான், அதே கோலம். நான் பரபரப்பாகப் பேனாவை எடுத்து, என் பிரிவு என்று எழுதப் போனேன். ஏதாவது ஒன்றைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு. அவன் மெல்ல என் கையைப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, என் மனசு நோகக் கூடாதே என்ற கவலையோடு சொன்னான்: "சாரு ஒண்ணும் நெனைக்கப்பிடாது. பிள்ளையை அந்த டீச்சருக்க கிளாஸிலே போடணும். சாரு இவளைப் பாஸாக்கிருவீங்க. இவளுக்கு வாசிக்கப் படிக்கணும்."

அந்தப் பெண் டீச்சரின் வகுப்பில் ஒரு வருஷம் தவறி, மறுவருஷம் சாலையில் இருந்த போர்டுகளையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டிப் போனாள். நானோ அந்த வருஷமும் நாற்பதுக்கு நாற்பது.